அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பிரேசில் நோட்டு: அதில் இருப்பது நம்ம கட்டுமரமா?

குளச்சல் ஜூனியர்:

எல்லாருக்கும் வணக்கம். நோட்டு, நாணயம் சேர்க்கும் ஆள் இல்லை நான். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரண் காலி செய்தபோது அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி இறங்கியது. அப்பா அறுபதுகளில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், இறந்து பதினொரு வருடம் ஆகிறது. பெட்டியில் அவருடைய சிடிசி புத்தகம் (கப்பலோடிகளின் பணிப்பதிவுப் புத்தகம்), ஒரு ஜெபமாலை, கறையான் அரித்த இரண்டு சட்டை, அப்புறம் ஜெபப் புத்தகத்துக்குள் மடிக்காமல் வைத்திருந்த ஒரு நோட்டு. சிடிசியில் சாந்தோஸ் துறைமுக முத்திரை இருக்கிறது, அதனால் பிரேசிலில் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். நோட்டிலும் பிரேசில் என்றே போட்டிருக்கிறது.

நோட்டைப் பற்றிச் சொல்கிறேன், போட்டோ தெளிவாக வரவில்லை. முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். பெரிய 5. 'சின்கோ குருசெய்ரோஸ்' என்று எழுத்து, 'தெசோரோ நாசியொனால்' என்றும் ஒரு வரி. வலது பக்கம் ஒரு ஆதிவாசி மனிதரின் முகம். இடது பக்கம்தான் விஷயமே. பாய் விரித்த ஒரு கட்டுமரம்! நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், படகும் மரமும் எனக்குக் குழம்பாது. பின்பக்கம் தண்ணீரில் மிதக்கும் பெரிய பெரிய வட்ட இலைகளும் ஒரு பூவும்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு 'செவ்விந்தியர், அமெரிக்க நோட்டு' என்றார். பிரேசில் என்று எழுதியிருக்கிறதே என்றேன். 'எல்லாம் அமெரிக்காதான் தம்பி' என்றார். சரி, தப்பும் இல்லை.

எனக்கு மூன்று கேள்வி. இது எந்த வருட நோட்டு? நம்ம ஊர் மரம் பிரேசில் நோட்டில் எப்படி வந்தது? விற்றால் ஏதாவது தேறுமா? மூன்றாவது கேள்வி அம்மாவுடையது.


பழையதுட்டு நாகர்கோவில்:

தம்பி, நோட்டு எது என்பதில் சந்தேகமே வேண்டாம். 1961, 62ல் வெளியான 5 குருசெய்ரோ. பிரேசிலில் சேகரிப்பவர்கள் இதை 'இந்தியோ' நோட்டு என்றே சொல்வார்கள், அந்த முகத்துக்காக. அப்பாவின் கப்பல் அறுபதுகளில் சாந்தோஸ் போயிருந்தால் கணக்கு சரியாக ஒத்துவருகிறது.

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற விஷயம். ஒன்றும் தேறாது. நிறைய அச்சடித்த நோட்டு, மொடமொடப்புக் குறையாத நோட்டே உலகம் முழுக்க மலிவாகக் கிடைக்கிறது. பணமாக மாற்றலாம் என்றால் அது இன்னும் மோசம். 1967ல் ஆயிரம் பழைய குருசெய்ரோவை ஒரு புது குருசெய்ரோ ஆக்கினார்கள். 1986ல் மறுபடி மூன்று சைபர் போனது, 1989ல் மூன்று, 1993ல் மூன்று. 1994ல் இப்போதுள்ள ரெயால் வந்தபோது 2750க்கு ஒன்று என்று மாற்றினார்கள் (சவுதி ரியால் இல்லை, நம்ம மாவட்டத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்). உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தால் இன்றைய ஒரு ரெயாலுக்கு 2750 லட்சம் கோடி பழைய குருசெய்ரோ வேண்டும். அதாவது உங்கள் அப்பா வைத்திருந்த மாதிரி 550 லட்சம் கோடி நோட்டு கொண்டுபோனால் ஒரு ரெயால் கொடுப்பான். லாரி வாடகை தனி.

ஆனால் நோட்டாகப் பார்த்தால் எனக்கு இது ரொம்பப் பிடித்த நோட்டு, காரணம் இருக்கிறது. குருசெய்ரோ என்ற பணம் பிரேசிலில் 1942ல் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது ரெய்ஸ், ஆயிரம் ரெய்ஸ் சேர்ந்தால் ஒரு குருசெய்ரோ. பெயர் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்திலிருந்து எடுத்தது. அந்த வரிசை நோட்டுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாம் பெரிய மனிதர்கள். 1ல் கடற்படைத் தளபதி தமந்தரே, 2ல் ராணுவத் தளபதி காஷியாஸ், 5ல் ரியோ பிராங்கோ பிரபு, 10ல் ஜெத்தூலியோ வர்காஸ், 50ல் அடிமை ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட இளவரசி இசபெல், 100லும் 200லும் அரசர்கள். மீசையும் மெடலுமாக இருக்கும். அச்சடித்ததும் அவர்கள் நாட்டில் இல்லை. நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியும் லண்டனின் தாமஸ் டி லா ரூவும் அடித்துக் கப்பலில் அனுப்பின.

அந்த வரிசைக்கு நடுவில் வந்து நிற்கிறது இந்த 5. குருசெய்ரோ நோட்டுகளில் பிரேசிலிலேயே அச்சான முதல் நோட்டு இதுதான், அவர்களுடைய காசா தா மொயேதா அச்சடித்தது. காசா தா மொயேதா என்றால் நாணயச்சாலை, 1694ல் தொடங்கிய நிறுவனம். நம்மிடம் நாசிக் அச்சகம் 1928லேயே நோட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது, அவர்கள் குருசெய்ரோவைச் சொந்தமாக அடிக்க இவ்வளவு காலம் ஆனது. அச்சு அவர்கள் சொந்தக் கைக்கு வந்ததும் மெடல் மீசைகளை விட்டுவிட்டு ஒரு பூர்வகுடி, ஒரு மீன்பிடி மரம், ஒரு அமேசான் பூ என்று போட்டார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. வரைந்தது எல்லாம் உயர்தரம் என்று சொல்லமாட்டேன். நியூயார்க் நோட்டின் வேலைப்பாடு வேற லெவல், அந்த வளைகோட்டு அலங்காரங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நம்ம கம்பிக்கோலம் தோற்றுப்போகும். அதைக் கையால் வரையமாட்டார்கள், பல்சக்கரம் வைத்த ஒரு கடைசல் இயந்திரம் வரையும். சக்கரத்தின் அமைப்பு தெரியாதவன் அதே கோட்டைத் திரும்பப் போட முடியாது, கள்ளநோட்டுக்காரனுக்கு அதுதான் தடை.

'தெசோரோ நாசியொனால்' என்றால் தேசியக் கருவூலம். அவர்களுடைய மத்திய வங்கிச் சட்டம் வந்ததே 1964 டிசம்பர் 31ல், அதனால் அதற்கு முந்தைய நோட்டுகளைக் கருவூலம்தான் வெளியிட்டது. நாட்டின் பெயரும் அப்போது வேறு, 'பிரேசில் ஐக்கிய நாடுகள்'. கடைக்காரர் அமெரிக்கா என்று குழம்பியதை மன்னித்துவிடலாம்.

கட்டுமரம் கேள்விக்கு வருகிறேன். அது கட்டுமரம் இல்லை, ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பிரேசிலின் வடகிழக்குக் கரையில், முக்கியமாக சியாரா மாநிலத்தில், மீனவர்கள் ஓட்டும் தெப்பம் அது. அங்கே அதற்கு 'ஜங்காடா' என்று பெயர். மீதி ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டது.


லக்கிமேன்77:

அண்ணா விற்காதீங்க!! இந்த மாதிரி பழைய வெளிநாட்டு நோட்டு 5 லட்சம் வரைக்கும் போகுதுன்னு வீடியோ பார்த்தேன். நம்பர் கடைசியில் 786 இருக்கா பாருங்க.


மார்த்தாண்டம் அக்கா:

தம்பி லக்கிமேன், அந்த வீடியோக்காரனை என் வீட்டுக்காரர் நம்பிப் போன் செய்து, 'பதிவுக் கட்டணம்', அப்புறம் 'வரி' என்று இரண்டு தடவை பணம் அனுப்பி ஏமாந்தது எனக்குத்தான் தெரியும். வாங்குகிறவன் எதற்கு நம்மிடம் பணம் கேட்பான்? அன்றைக்கு அது தோன்றவில்லை. ரிசர்வ் வங்கியே 2021ல் அறிக்கை விட்டது, எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, நாங்கள் கட்டணமும் கேட்பதில்லை என்று. 786 பார்ப்பது நம்ம ஊர் வழக்கம், பிரேசில்காரனுக்கு 786 என்றால் வெறும் எழுநூற்று எண்பத்தாறு.


தக்கலை டீச்சர்:

பின்பக்கத்துப் பூவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தாவரவியல் எடுத்தவள், சும்மா விடமுடியுமா?

அது அமேசான் ராட்சச அல்லி. பிரேசிலில் 'விட்டோரியா ரேஜியா' என்பார்கள். 1837ல் ஜான் லிண்ட்லி இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் பெயரை வைத்தார், இப்போதைய அறிவியல் பெயர் விக்டோரியா அமேசோனிகா. இலை இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலம் வரும், விளிம்பு நாலாபக்கமும் நிமிர்ந்து அசல் தாம்பாளம் மாதிரி இருக்கும். மேலே பார்க்க வழவழப்பு, கீழே திருப்பினால் விரல் தடிமனில் நரம்புகளும் முள்ளும். அந்த நரம்பு ஓட்டம்தான் பலம். 1849ல் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்தில் முதன்முதலாக இதைப் பூக்கவைத்து, தன் சின்ன மகளை இலைமேல் நிற்கவைத்துக் காட்டினார். பிறகு 1851ல் லண்டனில் அவர் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு இந்த நரம்பமைப்புதான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பூவின் கதை இன்னும் ருசி. பொழுது சாய்ந்ததும் வெள்ளையாக விரியும், வாசனை அடிக்கும், பூவுக்குள் சூடு கூட உண்டாகும். வண்டுகள் உள்ளே போகும், பூ மூடிக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் திறக்கும்போது பூ இளஞ்சிவப்பாகியிருக்கும், வண்டுகள் மேலெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்து இன்னொரு வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். நம்ம குளத்து ஆம்பலும் இதே அல்லிக் குடும்பம்தான், ஆனால் தாமரை இல்லை. பறக்கைப் பக்கம் குளங்களில் இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே குடும்பம் என்று பரீட்சையில் எழுதுகிற பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு, தாமரை தனிக் குடும்பம்.

பிரேசில் ஏதோ தூரதேசம் என்று நினைக்கவேண்டாம். நம்ம மாவட்டத்தின் பாதித் தோட்டம் அங்கிருந்து வந்ததுதான். குலசேகரம் பக்கத்து ரப்பர் அமேசான் மரம், 1876ல் ஹென்றி விக்காம் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கொண்டுபோய் அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. கொல்லாமாவு (முந்திரி மரம்) அங்கிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, அது இல்லாவிட்டால் இங்கே அண்டி ஆபீசே (முந்திரி ஆலையே) இல்லை. மரச்சீனியும் (மரவள்ளி) கைதச்சக்கையும் (அன்னாசி) தென் அமெரிக்கச் சரக்கு. மரச்சீனியும் மீன்குழம்பும் நம்ம பாரம்பரியச் சாப்பாடு என்று சொல்கிறபோது மரச்சீனிக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.


குளச்சல் ஜூனியர்:

டீச்சர், நன்றி. அம்மாவிடம் இலையைக் காட்டி விளக்கினேன், இதில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்று கேட்டார்.

பழையதுட்டு அண்ணன் எழுதிய ஒரு வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. 'ஜங்காடா'. எங்கள் அப்பா கப்பல் கதை நிறையச் சொல்வார், பாதி அளப்பு என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். திமிங்கிலத்தின் மேல் கப்பல் ஏறிய கதையெல்லாம் உண்டு. அதில் ஒன்று இது: "பிரேசில்லயும் மரம் உண்டு மக்களே. அவனுவ அத சங்காடம்னுதான் சொல்லுகானுவ." நாங்கள் சிரிப்போம். சங்காடம் என்றால் ஆற்றுக் கடவில் இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டு ஆளையும் மாட்டையும் ஏற்றிப் போவார்களே, அது. பிரேசில்காரன் எதற்கு அதைத் தமிழில் சொல்லப்போகிறான்? அண்ணன்மாரோடு சேர்ந்து நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஜங்காடாவும் சங்காடமும் ஒன்றா, இல்லை காதில் விழுந்ததை அப்பா தமிழாக்கிக்கொண்டாரா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை பற்றி இனி கேட்கமாட்டேன்.


குழித்துறைக்கடவு:

அளப்பு இல்லை மக்கா. உங்கள் அப்பா சொன்னதுதான் சரி.

போர்த்துக்கீசிய அகராதிகளிலேயே இருக்கிறது, ஜங்காடா என்ற சொல் மலையாளத்துச் 'சங்ஙாடம்' என்பதிலிருந்து போனது என்று. நம்ம பக்கம் சங்காடம் என்போம், பழைய தமிழ் அகராதியில் சங்கடம் என்றும் வரும், பொருள் இரட்டைத் தோணி. போர்த்துக்கீசியர் 1498ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியபிறகு இந்தக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி ஓட்டுவதைப் பார்த்தார்கள், அதற்கு இங்குள்ளவர்கள் சொன்ன பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் 1500ல் பிரேசில் கரையிலும் இறங்கினார்கள். அங்கே பூர்வகுடிகள் ஏற்கெனவே மரத்துண்டுகளைச் சேர்த்துத் தெப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கவனிக்கவேண்டிய இடம் இது: தெப்பம் அவர்களுடையது, நாம் கற்றுக்கொடுக்கவில்லை. பெயர் மட்டும் நம்ம கரையிலிருந்து போர்த்துக்கீசியன் வாயில் ஏறிப்போய் அங்கே ஒட்டிக்கொண்டது. 'தமிழன் பிரேசிலுக்குக் கட்டுமரம் கொண்டுபோனான்' என்று யாராவது வாட்சப்பில் கிளப்பிவிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சொல்லுக்கு வயசும் கொஞ்சமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடல் பயணம்' என்ற நூலில் தமிழகக் கரையைப் பற்றிச் சொல்லும்போது, பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களுக்கு 'சங்கரா' என்று பெயர் என்று வருகிறது. அதே நூல் குமரி முனையையும் சொல்கிறது, அங்கே வந்து நீராடி நோன்பிருப்பவர்களைப் பற்றியும். ஆக இரண்டாயிரம் வருடமாக யாராவது ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் இந்த வார்த்தையைக் கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்கிறான். உங்கள் அப்பா எதிர்ப்பக்கம் போய்க் கேட்டவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாமும் சும்மா கொடுக்கவில்லை. சன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியம். சன்னலையும் சாவியையும் வாங்கிக்கொண்டு ஒரு சங்காடத்தைக் கொடுத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்குக் கட்டுமரத்தைக் கொடுத்தோம், அதற்கு என்ன வாங்கினோம் என்று நினைவில்லை.

சின்ன வயதில் குழித்துறை ஆற்றில் சங்காடத்தில் போயிருக்கிறேன். கம்பு ஊன்றித் தள்ளுவார் ஒருவர், ஆற்றில் வெள்ளம் அதிகமானால் கடவை நிறுத்திவிடுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு. பாலம் வந்தபிறகு அந்த லீவும் போச்சு, வார்த்தையும் போச்சு.


சேரநாட்டான்:

அப்போ மலையாளச் சொல் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.


குழித்துறைக்கடவு:

1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஊரே திருவிதாங்கூர்-கொச்சிதானே அண்ணா, ஆற்றுக்கு இந்தப் பக்கம் சங்காடம், அந்தப் பக்கம் சங்ஙாடம். சமஸ்கிருதத்தில் 'சங்காட' என்றால் சேர்த்துப் பிணைத்தது, அங்கிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சண்டை போட நேரமில்லை.


பழையதுட்டு நாகர்கோவில்:

நான் ராத்திரி எழுத நினைத்ததில் பாதியை இவரே எழுதிவிட்டார். மீதி இதோ.

அந்த மரத்தை நோட்டில் ஏன் போட்டார்கள் என்பதற்கு என் அனுமானம், இரண்டு கதை. முதல் கதை 1881. சியாராவின் தலைநகர் போர்த்தலேசாவில் அப்போது ஒழுங்கான துறைமுகம் இல்லை. கப்பல் ஆழத்தில் நிற்கும், சரக்கும் ஆளும் ஜங்காடாவில் ஏறித்தான் கப்பலுக்குப் போகவேண்டும். பழைய குளச்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமைகளைத் தெற்கே விற்க அனுப்புகிற காலம் அது. ஜங்காடாக்காரர்கள் ஒருநாள், இனி இந்தத் துறையில் அடிமைகளை ஏற்றமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர் பிரான்சிஸ்கோ ஜோசே தோ நாசிமெந்தோ, பின்னாளில் 'கடல் டிராகன்' என்று பெயர் வாங்கியவர். கப்பல் காலியாக நின்றது. 1884ல் சியாரா அடிமை முறையை ஒழித்தது, மொத்த பிரேசிலும் ஒழிக்க 1888 ஆனது. துடுப்புப் பிடிக்கிறவன் மாட்டேன் என்று சொன்னால் வியாபாரி என்ன செய்வான்!

இரண்டாவது 1941. அதே போர்த்தலேசாவிலிருந்து நாலு மீனவர்கள் ஒரு ஜங்காடாவில் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தலைவர் மனோயேல் ஒலிம்பியோ மெய்ரா, பட்டப்பெயர் ஜக்காரே, அதாவது முதலை. (பட்டப்பெயர் இல்லாத மீனவன் பிரேசிலிலும் இல்லை போல.) மரத்தின் பெயர் சான் பெத்ரோ, புனித பேதுரு, இது நம்ம கரையிலும் எத்தனை வள்ளத்துக்கு இருக்கிறது. திசைகாட்டிக் கருவி கிடையாது. கரையோரமாக 61 நாள் ஓட்டி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனிரோவில் போய் இறங்கி ஜனாதிபதி ஜெத்தூலியோ வர்காசை நேரில் பார்த்தார்கள். கேட்டது என்ன? மற்றத் தொழிலாளிகளுக்கு இருக்கிற ஓய்வூதியமும் பாதுகாப்பும் மீனவர்களுக்கும் வேண்டும் என்று. வர்காஸ் உத்தரவு போட்டார். மேலே 10 குருசெய்ரோ நோட்டில் சொன்னேனே, அதே வர்காஸ். மனு வாங்கியவர் 10ல், மனு கொடுத்தவர்களின் மரம் 5ல்.

மறு வருடம் இந்தப் பயணத்தைப் படமாக்க அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் வந்தார், ரியோ வந்துசேர்ந்ததை மறுபடி நடித்துக்காட்டும்போது மரம் கவிழ்ந்து ஜக்காரே கடலில் போனார். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்தவனைக் கேமராவுக்கு முன்னால் கடல் கொண்டுபோனது. அந்தப் படம் அவர் காலத்தில் முடியவும் இல்லை.


முட்டம் கடலோடி:

இவ்வளவு எழுதுகிறீர்கள், மரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் பதினாறு வயதில் மரத்தில் ஏறியவன், இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஜங்காடா படங்களைப் பேரன் போனில் எடுத்துக் காட்டினான், உற்றுப் பார்த்தேன்.

ஒற்றுமை: இரண்டுக்கும் உள்ளே என்று ஒன்று கிடையாது. தண்ணீர் மேலே ஏறும், மரத்துக்கு இடையில் இறங்கிவிடும், முங்கிப்போகிற பயம் இல்லை. இரண்டுக்கும் கனமில்லாத மரம்தான் வேண்டும், அவர்கள் ஒரு மரத்துக்கு ஜங்காடா மரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். பாய் இரண்டும் முக்கோணம்.

வித்தியாசம்: நம்மது கயிற்றில் கட்டு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைப் பிரித்துக் காயப்போடலாம், அதனால்தான் கட்டுமரம். அவர்களுடையதில் ஐந்தாறு மரத்தைக் குறுக்கே முளை அடித்துச் சேர்த்துவிடுகிறார்கள், பிரிக்கிற கதை இல்லை, உருளைக் கட்டையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள், காற்று பக்கத்திலிருந்து அடித்தால் மரம் ஒதுங்காமல் இருக்க. மேலே உட்கார ஒரு பெஞ்சு வேறு. நம்ம மரத்தில் பெஞ்சு போட்டால் அப்பா அடித்திருப்பார். நோட்டுப் படத்தில் கட்டா முளையா என்று தெரிகிற அளவுக்கு இருக்காது, பாய் நிற்கிற நிலையைப் பார்த்தாலே நம்மது இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். தம்பி குளச்சல்காரன், படகும் மரமும் குழம்பாது என்று எழுதியிருக்கிறீர்கள், சரி சரி.

அங்கேயும் மரம் கிடைக்காமல் பலகை ஜங்காடாவுக்கு மாறிவிட்டார்களாம். இங்கே பிளைவுட் வள்ளம் வந்தது, அப்புறம் ஃபைபர். தென்சிலுவை பற்றி ஒருவர் எழுதியிருந்தார், சித்திரை வைகாசியில் இருட்டினபின் தெற்கே தாழ்வாக நம்ம கடலிலும் தெரியும், பார்த்திருக்கிறேன். அதன் பெயரில் பணம் இருந்தது இப்போதுதான் தெரியும்.


குளச்சல் ஜூனியர்:

கடலோடி மாமா, ஒத்துக்கொள்கிறேன், குழம்பிவிட்டேன்.

அண்ணன்மார் இரண்டு பேருக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பினேன். பெரிய அண்ணன் சவுதியிலிருந்து போன் செய்து, 'அப்போ திமிங்கிலக் கதையும் உண்மையாடே?' என்று கேட்கிறான். அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஜக்காரே செத்த இடத்தில் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில், 'அவரு சும்மா சொல்லமாட்டாருன்னு நான் அப்பவே சொன்னேன்' என்றார். அப்பவே சொன்னதாக எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை, சேர்ந்து சிரித்தவர்தான்.

ஒரு உதவி. நோட்டின் மேல் ஓரத்தில் கிழிசல் இருந்ததால் அக்கா மகன் நல்ல எண்ணத்தில் செல்லோடேப் ஒட்டிவிட்டான். லேமினேஷன் செய்து சட்டம் போட்டு அப்பா போட்டோ பக்கத்தில் மாட்டலாமா?


பழையதுட்டு நாகர்கோவில்:

ஐயோ, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு உருகி ஒட்டிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பை இப்போது உரிக்காதீர்கள், மேல் அச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஆனால் விட்டும் வைக்கமுடியாது, பசை நாளாக நாளாக மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். நாகர்கோவில் வரும்போது ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தபடியே கொண்டுவாருங்கள், பார்த்துச் செய்யலாம். இஸ்திரி போடுவது, ஈரத்துணியில் துடைப்பது எதுவும் கூடாது.

அப்புறம் பாலியெஸ்டர் உறை ஒன்று தருகிறேன், அதில் போடுங்கள். கடையில் விற்கிற மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். சட்டம் போடுவதென்றால் நோட்டு கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் அட்டை வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கடலோர வீடு, உப்புக் காற்று, ஆடி மாத ஈரம் எல்லாம் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு வாருங்கள். அம்மாவுக்கு இலைப் பக்கம் பிடித்திருந்தால் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பங்கில்லை.